கிரீச்சிட்ட சிம்மாசனம்

பூனையும் எலியும் ஒரே தட்டில் சாப்பிட்ட காலம் என்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்தக் காலத்தில் நெடுங்கோ என்று ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் வாயைத் திறந்தால் பொய்.

அவர் உட்காருவது கொள்ளுத்தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி. பொய் சொல்லும்போதெல்லாம் ராஜா இடப்பக்கம் நெளிவார். நாற்காலியின் அந்தப் பக்கத்துப் பின்கால் மூட்டு தளர்ந்திருந்தது.

"வேட்டையில் மூன்று புலி அடித்தேன்."

கிரீச்!

சபை முழுக்க இருமல்.

ராஜா முரசறையச் சொன்னார். "சத்தத்தை நிறுத்துபவருக்குக் கடைத்தெருவில் பட்டறை. மூன்று தரம் முயலலாம். மூன்றாம் தரமும் கிரீச் என்றால் மொட்டையடித்து நாடு கடத்துவேன்."

ஒரு தச்சருக்கு முதுகுவலி. ஒருவருக்கு மச்சினி கல்யாணம். ஒருவருக்கு உளியே காணோம். பின்னே? அந்தச் சத்தம் கேட்பதில் அவர்களுக்கு அவ்வளவு குஷி.

வந்தவள் சிலம்பாயி ஒருத்திதான். உப்பு விற்றவள். மூட்டை சுமந்த கழுதை செத்துப்போனதால் உளி பிடித்தாள். பிடித்து மூன்றே நாள். பட்டறை கிடைத்தால்தான் பிழைப்பு.

"இதென்ன பிரமாதம்!" என்று மூட்டில் ஆணியை வைத்து ஒரே போடு. மூட்டு இறுகவில்லை. கால்தான் பிளந்தது.

"எனக்குக் கோபமே இல்லை" என்றார் ராஜா.

கிரீச்!

இரண்டாம் தரம் மரம் ஒட்டும் வச்சிரப் பசை காய்ச்சி, காய்ந்து கிடந்த பழைய பசையின் மேலேயே ஊற்றினாள். ஒட்டுமா?

"ராணி சமையல் அமிர்தம்."

கிரீச்! ராணி முறைத்தாள்.

சிலம்பாயி தன் கூந்தலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பொறுமை தன்னால் வந்தது. நாற்காலியை முழுசாகப் பிரித்தாள். பழைய பசையை வெந்நீர் விட்டுச் சுரண்டினாள். புதுப் பசை தடவி, மெல்லிய ஆப்பு இறக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் தொடவே இல்லை.

ஆணி பிளந்த கால்? புதுக் கால் கடைய அவளுக்குத் தெரியாது. தேன்மெழுகில் கரியைக் குழைத்து விரிசலில் அப்பினாள். கண்ணுக்கே தெரியவில்லை!

ராஜா உட்கார்ந்தார். மூன்று புலி என்றார். சத்தமில்லை. கோபமே இல்லை என்றார். சத்தமில்லை. அமிர்தம் என்றார். ம்ஹூம்!

"பட்டறை உனக்கே! குறை ஒன்றும் இல்லையே?"

சிலம்பாயி மெழுகு அப்பிய காலைப் பார்த்தாள். சொன்னால் பட்டறை போச்சு. சொல்லாவிட்டால் ராஜாவின் இடுப்பு போச்சு.

"இருக்கு ராஜா. ஆணி அடிச்சு நான்தான் காலைப் பொளந்தேன். மெழுகு அப்பி மறைச்சிருக்கேன். எந்திரிச்சிடுங்க."

"போடி பைத்தியக்காரி! பொய்யே சொல்லாத என்னிடமா பொய் சொல்கிறாய்?" என்று ராஜா என்றுமில்லாத நெளி நெளிந்தார்.

படார்!

ராஜா தரையில். கிரீடம் ராணியின் காலடியில்.

"இவளுக்கு மொட்டையடியுங்கள்!"

"எதுக்கு ராஜா? கிரீச்னு கேட்டுச்சா?"

ராணிதான் முதலில் சிரித்தாள். "கேட்கவில்லை. எழுந்திருக்கச் சொன்னது மட்டும் என் காதிலேயே விழுந்தது" என்றாள். சபையே தலையாட்டியது. வாக்கு வாக்குதானே? பட்டறை சிலம்பாயிக்கு.

மச்சினி கல்யாணத் தச்சர் ஓடிவந்து கால் கடையச் சொல்லிக்கொடுத்தார். புதுக் காலைப் பொருத்தும்போது, ராணி கேட்டுக்கொண்டபடி, மூட்டை மட்டும் ஒரு நூல் தளர்வாக விட்டாள் சிலம்பாயி. ராஜாவிடமும் மறைக்காமல் சொன்னாள்.

ராஜா உட்கார்ந்து, "எனக்கு அதில் வருத்தமே இல்லை" என்றார்.

கிரீச்!

ஆகவே, மூடி வைத்த விரிசல் ஒருநாள் காலை வாரிவிடும். செய்த தப்பை அது உடையும் முன்னே நாமே சொல்லிவிட வேண்டும்.