கடலுக்குள் போன தொப்பி

கிரீன்லாந்தின் ஒரு கடற்கரைச் சிற்றூருக்கு வின்தர் துரை புது அதிகாரியாக வந்திறங்கினார். கப்பலின் மேல்தட்டிலிருந்து கடலைப் பார்த்த அனுபவம் அவருக்கு ஏராளம். அந்தத் தகுதியில், வேட்டைக்காரர்கள் ஓட்டும் கயாக் என்ற ஒற்றையாள் தோல்படகுக்குச் சோதனை வைத்தார்: கவிழ்ந்த படகை, உள்ளே இருப்பவனே நிமிர்த்த வேண்டும். தோற்றவனின் கயாக் பறிமுதல். கயாக் போனால் கடல்நாய் வேட்டை போச்சு, வீட்டில் அடுப்பு எரியாது.

முதலில் சிக்கியவன் மினிக். கவிழ்ந்த கயாக்கை அவன் துடுப்பால் நிமிர்த்தினான். துரை துடுப்பைப் பிடுங்கினார். மினிக் மறுபடி கவிழ்ந்து, ஈட்டி எறியும் கட்டையால் நீரை அறைந்து நிமிர்ந்தான். அதையும் பிடுங்கினார்.

“வேட்டைச் சாமான் எதுவும் கூடாது. இப்போது நிமிர்ந்து காட்டு!”

“வேட்டைக்கு உதவாத பொருள் என்றால் பரவாயில்லையா துரை?”

“தாராளமாக.”

“அப்படியானால் உங்கள் தொப்பியைக் கொடுங்கள்.”

ஊரே கரையில் நின்று பார்த்தது. சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் துரை சரிகைத் தொப்பியைக் கழற்றினார். மினிக் கவிழ்ந்தான், விறைப்பான தொப்பியால் நீரை ஓர் அமுக்கு அமுக்கி மேலே வந்தான்.

“என் தொப்பி இல்லாவிட்டால் மூழ்கியிருப்பாய்!” என்றார் துரை.

“உண்மைதான் துரை. தலையை விட்டு இறங்கியதும் என்னமாய் வேலை செய்கிறது!”

கரையில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் துரை வீட்டுக்குள் போய்விட்டார். கயாக்கைப் பறிமுதல் செய்ய மறந்தே போனார்.