இலுப்பைப் பொந்தை நிரப்பிய கை

ஒரு காட்டில் இரண்டு வருஷமாக மழை இல்லை. ஆறு வெறும் மணலாகிவிட்டது. மூங்கில் புதர்கள் காய்ந்து சடசடத்தன. அப்படியும் அங்கே ஒரு பிராணிகூடப் பட்டினியால் சாகவில்லை. எப்படி என்று கேட்கிறீர்களா, பிள்ளைகளே? அதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே மெய்சிலிர்க்கும்.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய இலுப்பை மரம் இருந்தது. அதன் அடிமரத்தில் ஒரு பொந்து. வாய் சின்னது, உள்ளே வயிறு பெரிது, அடியில் ஒரு பலகை. கிடைத்தவர்கள் தங்களால் ஆனதைக் கொண்டுவந்து அதில் போடுவார்கள். கிடைக்காதவர்கள் எடுத்துக்கொள்வார்கள். காலையில் பொந்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வது கரடியின் வேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மரத்துக்கு எதிரே ஒரு நெட்டைப் பாறை. வருகிறவர்கள் எல்லோரும், கடைசி ஆள் முடிக்கும்வரை, அந்தப் பாறையைப் பார்த்து, மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவர் போய் வந்த பிறகுதான் அடுத்தவர் போகலாம். போகிறவரும் கையை மட்டும் உள்ளே விடலாம், எட்டிப் பார்க்கக் கூடாது. ஆகவே யார் போட்டார், யார் எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. மற்ற ஊர்களில் முதுகைக் காட்டினால் அவமரியாதை. இந்தக் காட்டில் அதுதான் மரியாதை.

அந்தக் காட்டு நரிக்கு மூளை அதிகம். அது நரிக்கே தெரிந்திருந்ததுதான் தொந்தரவு. தினமும் வந்து எடுக்கும். இதுவரை ஒரு இலந்தைக் கொட்டையைக்கூடப் போட்டதில்லை.

ஒருநாள் காலை, பெருக்கிக்கொண்டிருந்த கரடியிடம் வந்தது.

"கரடியண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இந்தப் பொந்தை நிரப்புறது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நானும் திரும்பித்தானே நிக்கிறேன்."

"காடே காய்ஞ்சு கிடக்கு. எல்லார் வயிறும் ஒட்டிக் கிடக்கு. ஆனா பொந்து மட்டும் நிறைஞ்சுக்கிட்டே இருக்கு. யாரோ ஒரு பெரிய கை ரகசியமா போடுதுண்ணே."

"இருக்கலாம். அந்தக் கை நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கரடி விளக்குமாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைப் பக்கம் போய்விட்டது.

நரிக்கு மனசு ஆறவில்லை. 'கொட்டிக் கொடுக்கிற அந்த ஆளின் வீட்டில் எவ்வளவு குவிந்திருக்கும்? அவனைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டால், நான் ஏன் தினமும் இந்த வெயிலில் வந்து நிற்க வேண்டும்?' என்று கணக்குப் போட்டது. சட்டென்று பொந்துக்குள் நுழைந்துவிட்டது.

உள்ளே முந்தின நாள் மிச்சமாகக் கொஞ்சம் விளாம்பழமும் கிழங்கும் கிடந்தன. ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே. அதனால் நரி அவ்வளவையும் தின்று தீர்த்தது. அடிப்பலகையை நக்கியும் வைத்தது. பிறகு பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது. பழைய இலுப்பைப் பூ வாடையில் அதன் வாடை வெளியே தெரியாது. வெளியே நோட்டம் பார்க்க மரங்கொத்தி போட்ட ஒரு ஓட்டையும் வசதியாக இருந்தது.

முதலில் வந்தது முள்ளம்பன்றி.

அந்தக் காட்டிலேயே ரோஷம் அதிகம் அதற்குத்தான். செத்தாலும் யாரிடமும் கேட்காது. அதன் வளையில் இரண்டு குட்டிகள் நேற்றுக் காலையிலிருந்து பட்டினி. வாயில் விரல் நீளத்துக்கு ஒரு கோரைக்கிழங்கைக் கவ்விக்கொண்டு வந்தது. எடுக்க வந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது அதன் பிடிவாதம்.

கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, கையை உள்ளே விட்டுத் தடவியது. வெறும் பலகை. இன்னும் நீட்டித் தடவியது. நரியின் கால் நகத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் அந்தக் கை நின்றது. நரி மூச்சை அடக்கிக்கொண்டது.

'இப்போ திட்டும்,' என்று நினைத்தது நரி.

முள்ளம்பன்றி திட்டவில்லை. கையை மெல்ல வெளியே எடுத்தது. பிறகு தனக்குத்தானே மெல்லச் சொன்னது:

"என் ரெண்டு குட்டியும் பட்டினிதான். ஆனா எங்களைவிடப் பசியோட யாரோ வந்திருக்காங்க. அடிவரைக்கும் துடைச்சிருக்காங்களே, எவ்வளவு பசிச்சிருக்கும் பாவம். மறுபடி வந்தா அவங்க கைக்கும் வெறும் பலகைதான் படும். அது கூடாது."

கிழங்கை இரண்டாகக் கடித்தது. பாதியை உள்ளே வைத்தது. பாதியை வாயில் கவ்விக்கொண்டு நடந்தது.

நரியின் வயிறு நிறைந்திருந்தது. அந்த நிறைந்த வயிறு அன்றைக்குத்தான் முதன்முதலாக அதற்குக் கனத்தது. எதிரே கிடந்த அரைக் கிழங்கை அதனால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஓட்டை வழியாகப் பார்த்தது. முள்ளம்பன்றி நடக்கத் தெம்பில்லாமல் பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்து மந்தி வந்தது. அது போட்ட விளாம்பழத்தில் ஒரு கடி குறைந்திருந்தது. "ஒரே ஒரு கடிதான். மனசு கேக்கல," என்று மரத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாறைப் பக்கம் ஓடியது.

ஆமை வந்தது. வற்றிய குளத்திலிருந்து முந்தாநாள் கிளம்பியதாம். ஒரு தாமரைக்கிழங்கை வைத்துவிட்டு, "அப்பாடா," என்றது. அதற்குமேல் பேச அதற்கு மூச்சில்லை.

காட்டுக்கோழி நாலு தானியம் கொண்டுவந்தது. மான் காய்ந்த நெல்லிக்காய் கொண்டுவந்தது. கீரி, மைனா, உடும்பு என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எறும்புகள் ஆளுக்கொரு புல்லரிசியைத் தூக்கிக்கொண்டு நரியின் மூக்கின் மேலேறி இறங்கிப் போயின. நரிக்குத் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டது.

பழமும் கிழங்கும் நரியின் முழங்காலுக்கு வந்தன. பிறகு வயிற்றுக்கு. பிறகு நெஞ்சுக்கு. பெரிய கையை மட்டும் காணோம்.

கடைசியில் தரை அதிர்ந்தது. யானை வந்தது.

'வந்தாச்சு பெரிய கை,' என்று நரி கண்ணை அகல விரித்தது.

தும்பிக்கை உள்ளே வந்தது. ஒரு மணிகூடச் சிந்தாமல் மெல்ல விரிந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு பிடி மூங்கிலரிசி. ஓட்டை வழியாகப் பார்த்தால் யானையின் விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

"எனக்கு இவ்வளவுதான் கிடைச்சுது," என்று யானை முணுமுணுத்தது. "இது எந்த மூலைக்கு? நல்லவேளை, யாரோ ஒரு பெரிய கை தினமும் நிரப்பிடுது. அது யாரோ, நல்லா இருக்கட்டும்."

நரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. யானையே வேறு யாரையோ பெரிய கை என்று நம்பிக்கொண்டிருக்கிறது. கரடியும் அப்படித்தான் நம்புகிறது. எல்லோரும் யாரோ ஒருவரை வாழ்த்திக்கொண்டு, தன்னிடம் உள்ளதில் கொஞ்சத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். வேறு கை எதுவும் இல்லை. அந்தச் சாப்பாட்டுக் குவியல் இப்போது நரியின் கழுத்துவரை நின்றது. தன் வாழ்நாளில் அவ்வளவு பெரிய ஒன்றை அது பார்த்ததே இல்லை.

அப்போது வெளியே முள்ளம்பன்றியின் குரல் கேட்டது.

"கரடியண்ணே, நான் வளைக்குக் கிளம்புறேன். இன்னொரு தரம் வர என் காலுக்குத் தெம்பில்ல."

கரடிக்கு ஒன்றும் தெரியாது. "சரிம்மா, பார்த்துப் போ," என்றது.

நரிக்குத் திக்கென்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால், எல்லோரும் போன பிறகு நைசாக நழுவிவிடலாம். ஆனால் அந்த வளையில் இரண்டு குட்டிகளுக்கு அரைக் கிழங்குதான் சாப்பாடு. கூப்பிட்டால், பொந்துக்குள் ஒளிந்திருந்த திருடன் யார் என்று காட்டுக்கே தெரிந்துவிடும்.

முள்ளம்பன்றி நாலு அடி வைத்தது. ஐந்தாவது அடி வைப்பதற்குள் நரி கத்திவிட்டது.

"அக்கா, போகாதீங்க. பொந்து இப்போ நிறைஞ்சிருக்கு. காலையில துடைச்சுத் தின்னது நான்தான். பசியில இல்லக்கா. சும்மா தின்னேன்."

பாறையடியில் நின்ற யானை, மான், மந்தி, ஆமை எல்லோருக்கும் அது யார் குரல் என்று தெரிந்தது. நரி ஓட்டை வழியாகப் பார்த்தது. இதோ திரும்பப் போகிறார்கள், இதோ என்று காத்திருந்தது.

ஒருவரும் திரும்பவில்லை.

வேடிக்கை பார்ப்பதென்றால் உயிரையே விடும் மந்திகூடத் தன் கண்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றது.

முள்ளம்பன்றி மட்டும் மரத்தடிக்கு வந்தது. பொந்துக்கு முன்னால் நின்று, முட்களோடு அப்படியே திரும்பி முதுகைக் காட்டியது.

"உள்ள இருக்கிறவங்க முதல்ல வெளிய வரட்டும். நான் பார்க்கல," என்றது.

நரி வெளியே வந்தது. அதோடு சேர்ந்து சில பழங்கள் உருண்டு விழுந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே வைத்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய், வரிசையின் கடைசியில், வெயிலில், பாறையைப் பார்த்து நின்றது.

பக்கத்தில் நின்ற கரடி முகத்தைத் திருப்பாமலே கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

"வெயில்ல நிக்காதே. இங்க நிழல் இருக்கு," என்றது.

பின்னால் முள்ளம்பன்றி குட்டிகளுக்காகப் பழங்களை எடுக்கும் சத்தம் கேட்டது. நரி திரும்பிப் பார்க்கவில்லை. அதன் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பொந்தில் ஒரு கொத்து ஈச்சம்பழம் இருந்தது. யார் வைத்தது என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. அன்றைக்கு நானும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

நீதி: முகம் பார்க்காமல் கொடுக்கும் சின்னக் கைகள் சேர்ந்தால், அதைவிடப் பெரிய கை உலகத்தில் இல்லை.