பஸ்ஸின் பின்னால் ஓடியவன்

சவரிராயன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வரிசையாக வரும் ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வாய். அதே வாய் இப்போது ஸ்பானிய வினைச்சொற்களைப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது.

"கொர்ரீயா, கொர்ரீயாஸ், கொர்ரீயா, கொர்ரீயாமோஸ்..."

முன்பெல்லாம் வழக்கமாகச் செய்துவந்ததைச் சொல்லும் இறந்தகாலம். நாற்பது வினைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவம். மனுஷர் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அவருக்கு மகள் வயதிருக்கும் ஆசிரியை ஹசீனா கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சரிதான் சார். பேத்திகிட்ட பேசினீங்களா?"

அவர் முகம் வாடிவிட்டது.

மகன் ஸ்பெயினில் இறந்து ஆறு வருஷம். அப்போது ஒரு வயதாக இருந்த பேத்தி லூசியாவுக்குத் தமிழ் தெரியாது. போன வாரம் போனில், "அப்பா சின்னப் பிள்ளையில என்ன செய்வார்?" என்று ஸ்பானிய மொழியில் கேட்டிருந்தாள்.

"நாப்பதும் ஒண்ணா வந்து தொண்டையில நிக்குது டீச்சர். இன்னிக்கு நாலு மணிக்குக் கூப்பிடுவா. இன்னிக்கும் முழிச்சேன்னா, இவர்கிட்ட கேட்டுப் பிரயோஜனமில்லைன்னு விட்டுடுவா."

ஹசீனா நாற்பது வினைகளும் எழுதிய தாளையும் பென்சிலையும் நீட்டினாள்.

"உங்க பையன் செய்யாததையெல்லாம் அடிங்க."

அடித்தார். ஆடுவது போயிற்று. சமைப்பதும் போயிற்று. கடிதம் எழுதுவதா? ஜென்மத்துக்கும் கிடையாது. ஓடுவதற்கு வந்தபோது பென்சில் நின்றது.

"எங்க தெருமுனையில என் பஸ் திரும்புற வரைக்கும் பின்னாலயே ஓடி வருவான் டீச்சர். செருப்புகூட இருக்காது. தினமும்."

சொல்லும்போதே கண் கலங்கியது. சந்தோஷமாகவும் இருந்தது.

போன் அடித்தது.

"கொர்ரீயா," ஓடுவான், என்றார் சவரிராயன். பஸ், பின்னால், தினமும் என்று மிச்சத்தை இரண்டு தப்போடு ஒட்டவைத்தார். அந்தப் பக்கம் லூசியா விழுந்து விழுந்து சிரித்தாள். கால் சுடாதா, நீங்கள் பஸ்ஸை நிறுத்த மாட்டீர்களா என்று துளைத்தெடுத்துவிட்டாள்.

போனை வைத்தவருக்கு உடனே கவலை வந்துவிட்டது.

"நாளைக்கும் கூப்பிடுவாளாம் டீச்சர். சொல்லத் தெரிஞ்ச ஒண்ணையும் இன்னிக்கே சொல்லித் தீர்த்துட்டேனே. நாளைக்கு என்ன செய்றது?"

"தினமும்தானே ஓடி வந்தான், சார்? நாளைக்கும் வரட்டும்."