காய்ந்த குளத்தில் ஒரு சண்டை

ஆனைமடு என்ற குளத்தில் தாவுசாமி என்றொரு தவளை இருந்தது. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. குளம் குட்டையாயிற்று. குட்டை சேறாயிற்று. கொக்குகளும் நாரைகளும் வேறு ஊர் பார்த்துப் பறந்துவிட்டன. மிஞ்சியது தவளையும், ஓட்டாண்டி என்ற ஆமையும்தான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன.

ஒருநாள் தவளைக்கு மனசு விட்டுப்போயிற்று. அதன் தோல் அப்பளமாய் உலர்ந்திருந்தது.

“ஓட்டாண்டி அண்ணே! இனி என்னால் முடியாது. கண்ணை மூடப்போகிறேன். நாளைக்கு என்னை எழுப்பாதே!”

ஆமைக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டது.

“சரி தம்பி, போய் வா! உன் பாட்டு நின்றால் எல்லோருக்கும் நிம்மதி!”

தவளை பட்டென்று கண்ணைத் திறந்தது. “என் பாட்டுக்கு என்ன குறைச்சல்?”

“குறைச்சலே இல்லை. கழுதைக் கத்தலைவிடக் கொஞ்சம் கூடுதல்!”

“அடேய்! இப்போது தொண்டை வறண்டிருக்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் உனக்குப் பதில்!”

“நாளைக்கா? நீதான் சாகப்போகிறாயே!”

“உனக்குப் பதில் சொல்லாமல் சாவேனா!”

அன்று முழுக்கத் தவளை உட்கார்ந்து வசவு யோசித்தது. தாகமே மறந்துபோயிற்று. விடிந்ததும், “வெந்த கத்திரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருப்பவனே!” என்றது. ஆமை ஒருநாள் அவகாசம் கேட்டது. மறுநாள், “உப்பிப்போன பூரிக்குக் கண் முளைத்த மாதிரி இருப்பவனே!” என்றது. இப்படியே ஒரு மாதம் ஓடிற்று.

ஒரு காலையில் ஆமையிடமிருந்து பதிலே இல்லை. தவளை பதறிப்போய் ஓட்டைத் தட்டோ தட்டென்று தட்டியது.

“அண்ணே! அண்ணே!”

“போதும் தம்பி,” என்று உள்ளேயிருந்து ஈனக்குரல் வந்தது. “எனக்கும் அலுத்துவிட்டது.”

தவளைக்கு அழுகை முட்டியது. அதை விழுங்கிக்கொண்டு கத்தியது: “அப்படியானால் நான்தான் ஜெயித்தேன்! ஆமை தோற்றுவிட்டது என்று காடு முழுக்கச் சொல்வேன்!”

ஆமையின் தலை சர்ரென்று வெளியே வந்தது.

“யாரடா தோற்றது?”

அந்தத் தகராறு ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் மழை கொட்டியது! முதல் தூறலை இரண்டும் கவனிக்கவே இல்லை. தண்ணீர் வாய்க்குள் போனபிறகுதான் திட்டுவதை நிறுத்தின.

குளம் நிறைந்ததும் ஒரு மீன்கொத்தி வந்து இரண்டையும் பார்த்து வாயைப் பிளந்தது.

“இத்தனை நாளாய் எதைச் சாப்பிட்டு உயிரோடு இருந்தீர்கள்?”

“தினமும் வயிறு நிறையத் திட்டு!” என்றது தவளை.

நீதி: நாளைக்கும் பேச ஒருவர் பக்கத்தில் இருந்தால், எந்தக் கஷ்டத்தையும் தாண்டிவிடலாம்.