பந்தி வஞ்சனை

மலையடிவார மடத்தில் குழந்தைவேலுவுக்கு இரண்டு பொறுப்புகள். பந்தியில் பரிமாறுவது ஒன்று, தொழுவத்தைப் பார்ப்பது இன்னொன்று. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். குருவான மங்கை அம்மையாரைவிட இருபது வயது மூத்தவர். பந்தி வஞ்சனை மட்டும் அவரிடம் நடக்காது. வந்து உட்காருகிறவர் பெரிய மனிதரானாலும் பிச்சைக்காரரானாலும் இலையில் விழும் கரண்டி ஒன்றுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த நியாயத்தைத் தொழுவத்துக்கும் கொண்டுபோனார். பசுவின் தீவனத்தில் ஒரு கைப்பிடி தாது உப்பைக் கலந்து வைத்தார். மாடு பளபளவென்று தேறியது. பக்கத்தில் கட்டியிருந்த செம்மறி மட்டும் என்ன பாவம் செய்தது? தாயில்லாக் குட்டியாக வந்ததைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் அவர். அதற்கும் அதே தீவனம், அதே உப்பு. ஐந்து மாதம் ஒரு நாள் தவறவில்லை.

பிறகு மூன்று நாள் ஆடு தீனியை மிச்சம் வைத்தது. நாலாம் நாள் எழுந்திருக்கவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போயிற்று.

கால்நடை மருத்துவர் வந்து உப்புப் பையைப் புரட்டிப் பார்த்தார்.

"இது மாட்டுக்கு உள்ளதுல்லா, பெரியவரே. இதுல செம்புச் சத்து இருக்கு. மாடு தாங்கிக்கிடும். செம்மறியால அவ்வளவையும் கழிக்க முடியாது, ஈரல்லயே சேந்துக்கிட்டு வரும். தெரியவே தெரியாது. ஒரு நாள் மொத்தமா ஆளை விழுத்தாட்டிரும்."

மத்தியானம் ஆடு செத்தது. குழந்தைவேலு தானே குழி வெட்டிப் புதைத்தார்.

இரண்டு மாத யாத்திரை முடிந்து அம்மையார் அன்று சாயங்காலம்தான் திரும்பியிருந்தார். கை மண்ணைக்கூடக் கழுவாமல் குழந்தைவேலு அவர் எதிரே போய் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார்.

"நல்லதைத்தானம்மா குடுத்தேன். மாட்டை வாழவச்சது இதை எதுக்குக் கொல்லணும்?"

அம்மையார் அந்த மண் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் நான் ஒரு பொண்ணை அனுப்பி வச்சேனே, செண்பகவல்லி. எப்படி இருக்கா?"

ஆட்டைப் பற்றிக் கேட்டால் ஆளைப் பற்றிக் கேட்கிறாரே என்று குழந்தைவேலுவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"வடக்கு அறையில இருக்கா. மௌனத்துல வச்சிருக்கேன்."

"யார் சொல்லி?"

"நான் வந்தப்ப நீங்க எனக்குச் சொன்னதுதானம்மா. நாப்பது நாள் மௌனம். அதுலதான் நான் மனுசனானேன். அவளுக்கு மட்டும் குறைச்சுக் குடுக்கலாமா?"

"நீங்க வந்தப்ப வாய் ஓயாமப் பேசிக்கிட்டிருந்தீங்க ஐயா."

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ மக செத்து ரெண்டு வருசம் ஆகுது. அன்னையிலேருந்து அவ வீட்டுல ஒருத்தரும் அவளுக்கு முகம் குடுத்துப் பேசல. இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"முப்பத்தொண்ணு."

"சாப்பிடுறாளா?"

வடக்கு அறையிலிருந்து தட்டை எடுத்து வருகிறவர் குழந்தைவேலுதான். "மூணு நாளா..." என்றார்.

எழுந்து வாசல்வரை ஓடினார். அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தார்.

"நான் போய் என்னத்தம்மா பேச?"

"ஆடு செத்ததைச் சொல்லுங்க ஐயா. அவகிட்டயும் சொல்ல ஒரு சாவு இருக்கு."