கழுவிக் கொண்டுவந்த பூ

"இந்தப் படிப்பு எனக்கு ஏறலைங்க அம்மா. நாளையிலிருந்து நான் வரலை."

குழந்தைவேலு லென்சைக் கீழே வைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் செடிகளைப் பிரித்தறியக் கற்க வந்தவர். அவருடைய குரு தமயந்தி, அவர் மகளைவிட இளையவர்.

வாழையிலையில் இரண்டு பூந்தண்டுகள் கிடந்தன. இலை இல்லை. பச்சை என்பதே இல்லை. ஊதாப் பூ மட்டும்.

அடுத்த செடியின் வேரில் வாய் வைத்துப் பிழைக்கும் இனம். முதல் தண்டு, புகையிலையைக் கொல்லும் புகையிலைக் காளான்; பெயர்தான் காளான், பூக்கும் செடி. அச்சாக அதைப்போலவே இருக்கும் இன்னொரு வகை, வரப்புக் களையைத் தவிர எதையும் தொடாது.

இரண்டாவது தண்டு, அங்காத்தாளின் புகையிலைக் காட்டில் அன்று காலை குழந்தைவேலு அறுத்தது. அது எந்த வகை?

அங்காத்தாளுக்கு நிலைகொள்ளவில்லை.

"டிராக்டர் வந்து நிக்குதுங் அம்மிணி. புகையிலைக் காளான்னா காட்டையே உழுதுபோடுன்னு அக்கம்பக்கம் ஒத்தக்கால்ல நிக்குது. இந்தப் பெரியவரு என்னடான்னா பூவுக்குள்ளாற குடியிருக்காரு!"

"இதழும் ஒண்ணுதான், தண்டுல இருக்கற முடியும் ஒண்ணுதான்" என்றார் குழந்தைவேலு. "புகையிலைக் காளான்னுதான் தோணுது."

தமயந்தி தண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அடி எங்கே?"

"ஒரே மண்ணுங்க. அறுத்து, கழுவிக் கொண்டாந்தேன்."

தமயந்தி எழுந்து காட்டுக்கு நடந்தார். அங்கே முளைத்திருந்த இன்னொரு தண்டைக் காட்டினார்.

"கையால தோண்டுங்க ஐயா."

குழந்தைவேலு குப்புறப் படுத்துத் தோண்டினார். தண்டின் அடி சின்ன வெங்காயம்போல் பருத்து, நூல்வேர் ஒன்றைக் கவ்வியிருந்தது. விரலால் அந்த வேரைத் தொடர்ந்தார். ஒரு புகையிலையின் வேரில் ஒட்டாமல் அடியில் கடந்து போனது. இன்னொன்றின் அடியில் போனது. வரப்பில் நின்ற களைச்செடியில் போய் முடிந்தது.

அடுத்த தண்டைத் தோண்டினார். அதற்கடுத்ததையும். எல்லாம் களைச்செடிக்கே போயின.

"வண்டியத் திருப்புடா மாப்ளே!" அங்காத்தாளின் குரல் ஊருக்கே கேட்டது.

குழந்தைவேலு எழவில்லை.

"இத்தனை பார்த்தும் எனக்குத் தெரியலையே."

தமயந்தி காய்ந்துபோன தண்டு ஒன்றை ஒடித்து, அவர் உள்ளங்கையில் தட்டினார். கருந்தூசி விழுந்தது.

"இது என்னங்க?"

"விதை. வருஷக்கணக்கா மண்ணுக்குள்ள கிடக்கும். தனக்கான செடியோட வேர் பக்கத்துல வந்தாத்தான் முளைக்கும்."

"புகையிலை வேர் வந்தா?"

"தூங்கும்."

குழந்தைவேலு காட்டைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் புகையிலை. கையிலிருந்த தூசியைப் பார்த்தார்.

காற்று வீசியது. மறுகையால் அதைப் பொத்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல வெள்ளென வரட்டுங்களா அம்மா?"