தாளம் பிசகாத கால்

"எனக்கு எப்பத்தான் தாழிக்குப் பெரிய மண்ணு தருவ, தாயி?"

குற்றாலிங்கம் கேட்டார்.

உலகம்மாள் நிமிரவில்லை. "சக்கரத்தை உதைங்க, அண்ணாச்சி."

உதைத்தார்.

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பாள். சீடர் குருவைத் தாயி என்பார். ஏச்சுப் பேச்சில் இரண்டு பேரும் சமம்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே மண் வைக்கிற தட்டு. கீழே கனத்த மரச்சக்கரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்டு. கீழ்ச்சக்கரத்தைக் காலால் உதைத்தால் மேல்தட்டு சுற்றும். இவ்வளவுதான்.

செம்பு, கலயம் என்றால் ஒரே ஆள் உதைத்துக்கொண்டே வனைந்துவிடலாம். இடுப்பு உயரத் தாழியையும் ஒரே ஆள் வனையலாம். ஆனால் கால் ஓய்ந்துபோகும். அதனால் தாழி வனைகிற அன்றைக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து உதைப்பார்.

அந்த ஒருவர்தான் குற்றாலிங்கம்.

அவர் தவில்காரர். ஆவுடையப்பன் நாதஸ்வரத்துக்கு முப்பது வருஷம் தவில். ஒரே மேடை, ஒரே ஜமுக்காளம், முழங்காலோடு முழங்கால்.

போன கோயில் கொடையில், பாதிக் கச்சேரியில், ஆவுடையப்பன் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டார்.

"உன் தாளத்துல குத்தமே இல்லைடே. இனிமே நீ வேற ஆளோட வாசி."

குற்றமில்லை என்றால் எதற்கு வேறு ஆள்? குற்றாலிங்கம் கேட்கவில்லை. ரோஷம். தவிலை உறையில் போட்டு மூலையில் சாத்திவிட்டு, ஆறு தாண்டி இந்தச் சூளைக்கு வந்துவிட்டார்.

இனி யாருக்கும் பக்கவாத்தியம் கிடையாது. ஒரு தாழி வனைய வேண்டும். அடியிலிருந்து வாய் வரைக்கும் தன் கையால். அதை வண்டியில் ஏற்றி ஆவுடையப்பன் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். 'பார். துணையில்லாமல் நான் ஒருத்தனே செய்தது.'

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மனிதர் வந்தார்.

வந்த இடத்தில் உலகம்மாள் உதைக்கச் சொல்லி உட்காரவைத்துவிட்டாள்.

•

சாயங்காலங்களில் சின்னச் சக்கரம் அவருக்கு. அகல் வனைந்தார். செம்பு வனைந்தார். கலயம் வனைந்தார். தோல் அறிந்த விரல்கள் மண்ணையும் அறிந்துகொண்டன. எல்லாம் நன்றாகவே வந்தன.

தாழி மட்டும் அவள் கையில். சக்கரம் மட்டும் இவர் காலில்.

உதைக்கும்போது குற்றாலிங்கம் கண்ணை மூடிக்கொள்வார். மேடைப் பழக்கம். உதடு உள்ளுக்குள் தவில் சொற்கட்டை முணுமுணுக்கும். கால் அதற்குச் சரியாக விழும். முதல் உதையும் கடைசி உதையும் ஒரே காலப்பிரமாணம். கூடாது, குறையாது.

"எப்படி?" என்பார், கண்ணைத் திறந்து.

தாழி நிமிர்ந்து நிற்கும்.

"நிக்குதுல்லா?" என்பாள் உலகம்மாள்.

"நிக்காம? உதைக்கது யாரு?"

அவள் இடது காலை மெல்ல இழுத்துக்கொண்டு எழுந்து போவாள்.

ஒருநாள் அந்தக் குதிகால் அவர் கண்ணில் பட்டது. தோல் கறுத்து, தடித்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. வலது கால் அப்படி இல்லை.

"என்ன தாயி இது?"

"வெடிப்பு."

"ஒத்தைக் கால்ல மட்டுமா வரும்?"

"எனக்கு வருது."

அன்றைக்கே விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் வாங்கி, சூளை ஓரத்தில் அவரே காய்ச்சி, ஒரு தகர டப்பாவில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"தவில்காரன் களிம்பு. தவில் வார் பிடிச்ச தோளுக்கு நாங்க போடுதது. ராத்திரி தேச்சுட்டுப் படு."

உலகம்மாள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நல்லது, அண்ணாச்சி."

"என்ன சிரிக்க?"

"ஒண்ணும் இல்லை. நல்ல மனசு உங்களுக்கு."

தினமும் தேய்த்தாள். ஆறவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் மெழுகு சேர்த்துக் காய்ச்சினார்.

•

"எங்க அண்ணன் என்னை விட்டதுதான் எனக்கு விளங்கலை," என்றார் இன்னொரு நாள், உதைத்துக்கொண்டே. அண்ணன் என்றால் ஆவுடையப்பன். "அவ்வளவு ரசிச்ச மனுசன்."

"ரசிச்சாருன்னு எப்படித் தெரியும்?"

"முழங்காலால இடிப்பாருல்லா! வாயில வாத்தியம். சபாஷ்னு எப்படிச் சொல்ல? அதான் முழங்கால். அதுவும் கடைசி ரெண்டு வருசம் இடி தாங்க முடியாது."

"இடிச்சா நீங்க என்ன செய்விய?"

"இன்னும் நாலு போடு சேத்துப் போடுவேன்."

"அதுக்கு அவரு?"

"அதுக்கும் இடிப்பாரு."

உலகம்மாள் கை ஒரு கணம் நின்றது.

"அவருக்கு என்ன வயசு?"

"எழுபது இருக்கும். முந்தி மாதிரி மூச்சு நிக்காது. ஆனா வாசிப்பு வாசிப்புத்தான்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எதிரே குற்றாலிங்கம் கண்ணை மூடிவிட்டார். முகத்தில் ஒரு நிறைவு. உதடு முணுமுணுத்தது. கால் விழுந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

•

ஐப்பசியில் பொறுமை போய்விட்டது.

"போதும், தாயி."

"என்ன போதும்?"

"பக்கவாத்தியம் வேண்டாம்னுதான் இங்க வந்தேன். நீ என்னை மறுபடியும் பக்கவாத்தியத்துல உக்காத்தி வச்சிருக்க. உதை, உதை, உதை. என்னைக்கு நான் வனைய? நாளைக்கு நான் கிளம்புதேன்."

உலகம்மாள் மிதித்துப் பிசைந்து வைத்திருந்த மண்ணை வாரித் தட்டில் அறைந்தாள். ஒரு ஆள் தூக்கத் திணறுகிற மண்.

எழுந்து சுற்றி வந்தாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நான் உதைக்கேன். நீங்க வனைங்க."

குற்றாலிங்கம் அவளுடைய பலகையில் போய் உட்கார்ந்தார். கையை நனைத்தார்.

சக்கரம் வேகமெடுத்தது. மண்ணை அமுக்கி நடுவுக்குக் கொண்டுவந்தார். மூச்சு வாங்கியது. மண் திமிறியது, பிறகு அடங்கியது. கட்டைவிரல் இறங்கியது. குழி விழுந்தது. உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. சுவர் எழும்பியது.

எழும்பியது என்று சும்மா சொல்லிவிட்டேன். அவருக்கு அது முழங்கை தாண்டி எழும்பியது. பிறகு வயிறு விரிந்தது. ஈரச் சுவர் அகன்று அகன்று போக, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சரியப்போகிறது என்று நினைத்தார்.

சரியவில்லை.

அடிப்பாதி முடிந்தது. ஒரு பகல் உலரவிட்டு, மேலே மண் வைத்து, மேல்பாதியையும் ஏற்றினார்கள். அன்றும் அவள்தான் உதைத்தாள். கழுத்து ஒடுங்கியது. வாய் மடிந்தது.

தாழி நின்றது. ஒரு பிள்ளை உள்ளே ஒளிந்துகொள்ளலாம்.

"பாத்தியா!" குற்றாலிங்கம் குதித்தே விட்டார். "பாத்தியா தாயி! என் கை!"

"நல்ல கை."

"ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"உனக்குத் தாளமே இல்லை. நானும் பிடிச்சுப் பாக்கேன், பிடிபடவே இல்லை. ஓடுத, இழுக்க, பாதியில நிக்க. சல்லடையில தண்ணி எடுத்த மாதிரி உதைக்க. என் கை கெட்டியா இருக்கப்போய் தாழி தப்பிச்சுது."

"அப்படியா, அண்ணாச்சி?"

"பின்னே? இந்தக் காலை வச்சிக்கிட்டு மேடையில உக்காந்தா எந்திரிச்சுப் போன்னு சொல்லிருவான்."

உலகம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆனா இது கணக்கு இல்லை," என்றார் அவர். "நீ உதைச்சது. ஒருத்தனே செஞ்சதுன்னு நான் எப்படிச் சொல்ல? நாளைக்கு நானே உதைச்சு நானே வனையப் போறேன். கிட்ட வராத."

"வரலை."

•

கிட்ட வரவில்லை. களத்து ஓரம் உட்கார்ந்து, ஓலைப் பாயில் காய்ந்த மண்ணைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குற்றாலிங்கம் உதைத்தார். கால் சரியாக விழுந்தது. சொற்கட்டு உள்ளுக்குள் ஓடியது. மண் நடுவுக்கு வந்தது. சுவர் எழும்பியது. வயிற்றை விரித்தார்.

ஓரம் அலைந்தது. சுவர் குடை மாதிரி விரிந்து, பொத்தென்று உட்கார்ந்தது.

வழித்துப் போட்டார். மறுபடி மண் வைத்தார். மறுபடியும் அதே இடம். அதே வயிறு. பொத்.

"மண்ணு சரியில்லை!" என்று கத்தினார்.

"நேத்து மிதிச்ச மண்ணுதான்."

"சக்கரம் ஆடுது!"

"ஆடலையே."

மூன்றாவதையும் வழித்துப் போட்டார். முழங்கை வரை சேறு. மீசையில் சேறு. வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"முந்தா நாள் நின்னுதே, தாயி. நீ என்ன செஞ்ச?"

"உதைச்சேன்."

"நானும் அதைத்தான் செஞ்சேன். ஒரு அட்சரம் பிசகலை."

"நான் பிசகினேன்."

குற்றாலிங்கம் பார்த்தார்.

"வயிறு விரியும்போது நீங்க மூச்சைப் பிடிச்சிய," என்றாள் உலகம்மாள். "பிடிச்ச உடனே நான் காலை எடுத்துட்டேன். அகலமா போகப் போக மண்ணு தாங்காது, அண்ணாச்சி. மெல்லச் சுத்தணும்."

"எவ்வளவு மெல்ல?"

"நீங்க மூச்சு விடுத வரைக்கும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காக்கை வந்து சேற்றைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

திடீரென்று தலையைத் தூக்கினார்.

"இரு, இரு. மாசியிலிருந்து நான்தான் உதைக்கேன். ஒரே வேகம். மெல்லமாவது ஒண்ணாவது. நீ எத்தனை தாழி வனைஞ்ச! ஒண்ணுகூடச் சரியலையே? அதெல்லாம் எப்படி நின்னுது?"

உலகம்மாள் கல் பொறுக்கினாள்.

"தாயி. உன்னைத்தான் கேக்கேன்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலை ஓரம் சற்று ஏறியிருந்தது. இடது பாதத்தைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இழுத்ததால்தான் பார்த்தார்.

எழுந்து சக்கரத்துக்குப் போனார். குனிந்தார். கீழ்ச்சக்கரத்தில், உதை விழாத இடத்தில், விளிம்பை ஒட்டி வட்டமாக ஒரு தடம். ஒரு குதிகால் அகலம். மரம் தேய்ந்து வழவழவென்று மின்னியது.

அங்கேயே குந்திவிட்டார்.

தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"நான் உதைக்க உதைக்க, நீ பிடிச்சு நிறுத்திக்கிட்டு இருந்தியா?"

"நிறுத்தலை. கொஞ்சம் மெல்லப் போகச் சொன்னேன்."

"அந்தக் காலுக்கு நானே களிம்பு காய்ச்சிக் குடுத்தேன்!"

"நல்ல களிம்பு, அண்ணாச்சி. அது இல்லைன்னா நடந்திருக்க மாட்டேன்."

"ஏன் தாயி சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

உலகம்மாள் ஓலைப் பாயை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டு எவ்வளவு சந்தோசமா உதைச்சிய. எப்படிச் சொல்ல?"

குற்றாலிங்கத்தின் சேறு காய்ந்த கை தானாக நகர்ந்தது. தன் வலது முழங்கால் மேல் போய் நின்றது. அதன் வெளிப்பக்கம், மேடையில் ஆவுடையப்பன் உட்காரும் பக்கம், தோல் காய்த்துப்போயிருந்தது. அந்தக் காய்ப்பை விரலால் தடவினார்.

தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்தார். தொட்டித் தண்ணீரில் கை கால் கழுவினார். மீசையைக் கழுவினார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"ஊருக்குப் பஸ் எப்ப?"

"ஓடினா பிடிக்கலாம். என்ன அவசரம்?"

"அண்ணனைப் பாத்துட்டு வாறேன்."

"உங்க தாழி இன்னும் காயலையே. சூளையும் வைக்கலை."

"அது கிடக்கட்டும். அவருக்கு முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்கணும்."

உலகம்மாள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். உள்ளே போனாள். காலை நொண்டிக்கொண்டு வந்து, அந்தத் தகர டப்பாவை அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. பாதிக்கு மேல மிச்சம் இருக்கு."